பாசிப் பாடத்துக்கு வந்த ஆறு பேர்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் பிள்ளைகளும் உடம்பளவில் சுகம். நீங்கள் சுகமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை. கேட்க வாய் கூசுகிறது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக ஆட்சிக்குழுக் கூட்டத்தில் உங்கள் பாசிப் பாடத்தை மூடுவதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஒருவன் என்ன, முதலில் மேலே போன கையே என்னுடையதுதான். இந்தப் பருவத்தில் உங்கள் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்த ஆறு பேரும் என் கடை ஆட்கள். அனுப்பியதும் நான்தான். இரண்டையும் பிறர் சொல்லி நீங்கள் கேட்டாயிற்று என்று தெரியும். இருந்தாலும் செய்தவன் வாயால் ஒரு தடவை வர வேண்டும் அல்லவா? போனில் சொல்லலாம் என்று நான்கு நாளாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தங்கச்சிதான் எடுத்து, "அவர் குளிக்கிறார் அண்ணா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து தடவை குளித்திருக்கிறீர்கள். ஊரில் எல்லோரும் இப்படிக் குளித்தால் குழாய் வியாபாரத்தில் நான் இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஆட்சிக்குழுவில் போய் உட்கார்ந்தது படிப்பினால் அல்ல. வணிகர் தரப்புக்கென்று அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் இருந்தவர் கண் அறுவைக்குப் போய்விட்டார், வணிகர் சங்கத்தில் அன்றைக்கு நேரத்தோடு வந்தவன் நான் ஒருவன்தான், என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்ல உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் ஒரு ஈரக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணை விட்டு எடுக்காமலே, "சந்தோஷம் மச்சான். ஒண்ணே ஒண்ணு. நீங்க எனக்கு யாருன்னு அங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. நானும் சொல்லமாட்டேன். ஒருத்தருக்கொருத்தர் உதவி பண்ணிக்கிறோம்னு பேச்சு வரும்" என்றீர்கள். மூன்று வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். நிர்வாகக் கட்டட நடையில் எதிரெதிரே வந்தால் யாரோ எவரோ என்று போனோம். ஒரு தடவை நீங்கள் என் காலை மிதித்துவிட்டு, "மன்னிக்கணும் ஐயா" என்றுகூடச் சொன்னீர்கள். அவ்வளவு சுத்தமாக இருந்தோம். கெடுத்தவன் நான்தான்.

முதல் வருஷம் அந்தக் கூட்டங்களில் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. தடித்த கோப்பைப் புரட்டுவேன், தேநீர் வந்தால் குடிப்பேன், எல்லோரும் தலையாட்டும்போது நானும் ஆட்டுவேன். இரண்டாம் வருஷம் ஒருநாள் விருப்பப் பாடங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. எழுபத்தெட்டுப் பாடங்கள் இருக்கின்றன, ஆசிரியர் போதவில்லை, வகுப்பறை போதவில்லை, எதை வைப்பது எதை எடுப்பது என்று இரண்டு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். எனக்கு முதல் தடவையாக ஒரு விஷயம் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன். "ஐயா, என் கடையில ஒரு சாமானை ஒரு சீசன் முழுக்கப் பத்துப் பேராவது வந்து கேக்கலைன்னா அது அலமாரியை விட்டு எறங்கிடும். அந்த எடத்துல ஓடுற சாமான் ஏறும். இதுக்கு எதுக்கு ரெண்டு மணி நேரம்?" என்றேன்.  பதிவாளர் பேனா மூடியைத் திறந்தார். அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் பத்துப் பேருக்குக் குறைவாகச் சேரும் பாடம் நிறுத்தப்படும் என்று தீர்மானமாகிவிட்டது. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று இருந்த பெரிய மனிதர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் மனதில் வைத்துச் சொன்ன சாமான் மஞ்சள் நிறத்தில் மூடி போட்ட ஒரு சோப்புப் பெட்டி. அந்தச் சோப்புப் பெட்டிக்கு வகுத்த விதியில் உங்கள் பாடம் வந்து மாட்டிக்கொள்ளும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. நீங்கள் குனிந்து ஆசையாகப் பார்க்கிற அதே பாசியைத் தேய்த்துக் கழுவுவதற்கு நான் மூன்று அளவுப் புட்டிகளில் மருந்து விற்கிறேன். அந்தக் கூச்சத்தில் உங்கள் தொழிலைப் பற்றி நான் பேச்சே எடுப்பதில்லை.

தங்கச்சி போன் பண்ணியபோதுதான் தெரிந்தது. "அண்ணா, போன தடவை நாலு பேரு, இந்தத் தடவையும் நாலு பேருதான். மூடிடுவாங்களாம். எவனோ ஒரு கடைக்காரன் உள்ள உக்காந்துக்கிட்டுப் பத்துன்னு ஒரு கணக்கு சொன்னானாம். அவன் நல்லா இருப்பானா?" என்று அழுதாள். அந்த எவனோ நான்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "நல்லா இருக்க மாட்டாம்மா" என்றேன்.

அந்த நேரத்திலேயே உங்களிடம் வந்து, மாப்பிள்ளை, அந்தக் கடைக்காரன் நான்தான் என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை, மூளை வந்தது. பெயர்ப்பதிவு முடிய இரண்டு வாரம் பாக்கி இருந்தது. இன்னும் ஆறு பேர் வேண்டும். எங்கள் தொழிலில் புதுக் கடை திறந்தால் முதல் வாரம் நம் ஆட்களையே வாடிக்கையாளர் மாதிரி உள்ளே நிறுத்துவோம். கூட்டத்தைப் பார்த்துத்தான் கூட்டம் வரும். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்த எவரும் ஒரு விருப்பப் பாடத்தில் வெளியாளாகச் சேரலாம் என்று உங்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. உடனே லாரி டிரைவர், பிளம்பர், கிடங்குக் காவலாளி, பேக்கிங் அக்கா, கவுண்ட்டரில் நிற்கிற நெட்டை, குட்டை என்று ஆறு பேரையும் அனுப்பிவிட்டேன். செவ்வாயும் வியாழனும் காலையில் வகுப்பு. யார் அனுப்பியது என்று மூச்சு விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். விண்ணப்பத்தில் 'இப்பாடத்தில் சேரக் காரணம்' என்ற இடத்தில் டிரைவர் 'முதலாளி சொன்னார்' என்று எழுதி வைத்திருந்தார். அதை அடித்து 'ஆர்வம்' என்று எழுத வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. ஒரு மாதம் கழித்து நீங்களும் தங்கச்சியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வழக்கமாக நீங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவர். அன்றைக்குக் கை காயக் காயப் பேசினீர்கள். "மச்சான், பத்துப் பேரு வந்திருக்காங்க! பாசிக்கு வேரே கெடையாதுன்னு சொன்னேன். கடைசி வரிசையில ஒருத்தர், லாரி ஓட்டுறவராம், எழுந்து, 'அப்ப எதைப் புடிச்சிக்கிட்டு சார் நிக்குது?'ன்னு கேட்டாரு. இருபத்திரெண்டு வருஷமா நடத்துறேன். மார்க்குக்கு வருமான்னு பார்க்காம இதைக் கேட்ட மொத ஆளு இவருதான்" என்றீர்கள். உங்கள் முகத்தை அப்படி நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. என் மனைவி என் காலை மேசைக்குக் கீழே ஒரு மிதி மிதித்தாள், சொல்லித் தொலையுங்கள் என்று அர்த்தம். நான், "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாப்பிள்ளை" என்றேன்.

உண்மை வெளியே வந்தது புலத் தலைவர் வந்த அன்று. புதிதாகக் கூட்டம் சேர்ந்த வகுப்பு எது என்று பார்க்க முன்னறிவிப்பு இல்லாமல் வந்திருக்கிறார். நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ வரைந்துகொண்டிருந்தீர்களாம். இதில் குற்றம் என் கடைப் பழக்கத்தினுடையது. எங்கள் கடையில் வாசலில் கால் வைக்கிற யாராக இருந்தாலும், கையில் என்ன வேலை இருந்தாலும், எல்லோரும் எழுந்து வரவேற்க வேண்டும். பதினைந்து வருஷமாக அடித்து அடித்துப் பழக்கி வைத்திருக்கிறேன். கதவு திறந்த சத்தம் கேட்டதும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, "வாங்க சார், வாங்க! என்ன பார்க்குறீங்க?" என்றிருக்கிறார்கள். நெட்டை நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறான். குட்டை தண்ணீர் கொண்டுவர ஓடியிருக்கிறான். புலத் தலைவர் "சும்மா பார்க்க வந்தேன்" என்று சொல்ல, பேக்கிங் அக்கா, "பரவாயில்லை சார், பார்க்குறதுக்குக் காசு இல்லை, நிதானமா பாருங்க" என்றிருக்கிறாள். எந்த மாணவன் மேலதிகாரியை அப்படி வரவேற்பான்? மனிதர் அலுவலகம் போய் விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் ஆறு பேரும் ஒரே கடையின் பெயரை எழுதியிருந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம். பதிவாளர் உங்கள் பணிப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர், என் கடை எண், மனைவியின் அண்ணன் என்று உறவு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எழுதியது. அதைப் பதிவாளர் என்னிடம் காட்டியபோது அவர் ஏதோ குற்றத்தைப் பிடித்த மாதிரி காட்டினார். நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு ஒன்று என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த ஆள்தான் உங்களுக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறான்.

ஆறு பேரைத் தள்ளிவிட்டால் உங்கள் வகுப்பில் மிச்சம் பழைய நாலு பேர்தான் என்றார்கள், உறவினரைக் கொண்டு மாணவர் எண்ணிக்கையைப் பெருக்கினார் என்று உங்கள்மேல் நன்னடத்தைக் குழுவில் புகாரும் எழுதினார்கள். விளக்கம் கேட்டபோது நீங்கள் இரண்டே வரி எழுதிக் கொடுத்தீர்களாம். 'அவர்கள் என் மாணவர்கள். அவர்கள் எந்தக் கடையில் வேலை செய்கிறார்கள் என்று விசாரிப்பது என் வேலை அல்ல.' அவ்வளவுதான். நீங்கள் உண்மையைத்தான் எழுதினீர்கள், அதை நம்ப அங்கே ஆள் இல்லை. உங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் பணி பாக்கி. விசாரணை என்று வந்தால் ஊர் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். தங்கச்சி வந்து, "பாடம் போனாப் போகுது அண்ணா, அவர் பேரு கெடக்கூடாது" என்றாள். அவள் உங்களுக்காகப் பயந்து சொன்னதை நான் ஆர்டர் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் கை கழுவப் போனேன். அங்கே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, கை சும்மா இருக்காமல் அதை இறுக்கிக்கொண்டிருந்தேன். பதிவாளர் பக்கத்தில் வந்து நின்றார். "ஐயா, மேசையில ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு பாடம், இன்னொண்ணு ஆளு. பாடமே இல்லைன்னு ஆயிட்டா, அதுல யார் உக்காந்தா, யார் உக்கார வெச்சான்னு எதுக்கு விசாரணை? நீங்களே மொதல்ல கை தூக்கிட்டீங்கன்னா மத்தவங்களும் தூக்கிடுவாங்க. புகாரை நான் கோப்புலயே வெச்சுத் தூங்க விட்டுடுறேன்" என்றார். நான் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை, "எழுத்துல கொடுப்பீங்களா?" என்றேன். "இதெல்லாம் எழுத்துல வராது ஐயா" என்றார். "சரி, முடிச்சிடலாம்" என்றேன். ஈரக் கையோடு கை கொடுத்தேன். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாடங்களின் பட்டியலை வாசித்தார்கள், உங்களுடையது ஏழாவது. என் கை மேலே போனது. எனக்கு எதிரே இருந்த வயதான பேராசிரியை ஒருவர், உங்களுக்குக் கற்பித்தவராம், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் கை தூக்கவில்லை. எனக்குக் கையைக் கீழே இறக்க வேண்டும் போல இருந்தது. எண்ணி முடிக்கும்வரை இறக்கக்கூடாதாம்.

மாப்பிள்ளை, நான் வியாபாரி. என் சரக்கை எந்த விலைக்கும் கொடுப்பேன், பிடிக்காவிட்டால் கொடுக்காமலும் இருப்பேன். ஆனால் அடுத்தவர் பொருளை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், நானே பேரம் பேசி நானே முடித்துவிட்டு வந்தது இந்த முப்பத்தோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பேர் வேண்டுமா பாடம் வேண்டுமா என்று உங்களைக் கேட்டிருந்தால் நீங்கள் எதைச் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

பாடம் மூடப்படுகிறது என்ற சுற்றறிக்கையோடு நீங்கள் வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். நீங்கள் கத்தவில்லையாம். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, "அப்போ அந்த டிரைவர் கேட்டாரே ஒரு கேள்வி, அதுவும் உங்க அண்ணன் எழுதிக் கொடுத்ததா?" என்று மட்டும் கேட்டீர்களாம். மாப்பிள்ளை, என் பிள்ளைகள்மேல் ஆணை. நான் எழுதிக் கொடுக்கவில்லை. பாசிக்கு வேர் கிடையாது என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நீங்கள் நம்பாவிட்டால் அதற்குக் காரணமும் நான்தான்.

இப்போது என் வேண்டுகோள். ஆட்சிக்குழுவுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். எழுதினால் தூங்குகிற புகார் எழுந்துகொள்ளும். பதிவாளர் உங்களுக்குப் பொதுத் தாவரவியல் அறிமுகம் கொடுக்கிறேன் என்கிறார். இருநூறு பேர் உட்கார்கிற மண்டபம், ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. பெரிய பாடம். மிச்சம் இருக்கிற ஆறு வருஷத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுங்கள். கடை ஆட்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர்கள் பழையபடி வேலைக்கு வந்துவிடுவார்கள், அவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. நடந்தது நடந்துவிட்டது, அப்படியே அமுங்கட்டும். இதுதான் எல்லோருக்கும் நல்லது என்று என் புத்திக்குப் படுகிறது.

தங்கச்சியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அவள் என்னைக் கும்பிட்டுக் கேட்டது உங்களுக்காகத்தான். குழந்தைகளுக்கு எங்கள் அன்பு. நீங்களும் உங்கள் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். என்னால் வந்த குறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
காலமெல்லாம் உங்களுக்குக் கடமைப்பட்ட,
உங்கள் மச்சான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் வேண்டுகோள் என்ற பகுதியை அடித்துவிடவும். மற்றதிலும் பாதி இப்போது செல்லாது. செவ்வாய்க்கிழமை காலையில் கடிதத்தை உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன், பேக்கிங் அக்கா கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். "முதலாளி, வகுப்புக்குக் கெளம்புறோம்" என்றாள். "வகுப்பெல்லாம் முடிஞ்சிடுச்சும்மா. இனிமே போக வேணாம்" என்றேன். "யாரு முடிச்சது?" "நான்தான்னு வெச்சுக்கோ." "போகச் சொன்னப்பவும் எங்களைக் கேக்கலை. வேணாம்னு சொல்றப்பவும் கேக்கலை. நாங்க என்ன முதலாளி, அட்டைப் பெட்டியா?" என்றாள். அதற்குள் மற்ற ஐந்து பேரும் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். டிரைவர், "பாதியில நிறுத்தினா எப்படி? இன்னும் வித்து எப்படிப் பரவுதுன்னே சார் சொல்லலை" என்றார். காவலாளி தன் நோட்டை என் முன்னால் திறந்து வைத்தார். நம் கிடங்கின் பின்சுவரில், வடிகுழாய்க்குப் பக்கத்தில் வளர்கிற பாசியைப் பதினேழு நாள், நாளுக்கு ஒன்றாக வரைந்து தேதி போட்டு வைத்திருக்கிறார். அதைச் சுற்றி நூல் கட்டி, கழுவ வந்தவரிடம் நான் விற்கிற மருந்தை அங்கே ஊற்றக்கூடாது என்று சண்டையும் போட்டிருக்கிறார். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை மாப்பிள்ளை. எனக்குச் சொல்லக்கூடத் தெரியாது.

நோட்டையும் ஆறு பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு நேரே துணைவேந்தர் அறைக்குப் போனேன். பத்து எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து கை கழுவும் இடத்தில் நடந்த பேரம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அங்கே இருந்த பதிவாளர், "ஐயா, நாம பேசினது..." என்று இழுத்தார். "பேசினது வாஸ்தவம். ஆனா பொருள் என்னுது இல்லையே" என்றேன். துணைவேந்தர் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார். கூட்டக் குறிப்பில் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று சொல்லி நேற்று அவசரக் கூட்டம் போட்டார்கள். உங்களுக்கென்று நான் வாங்கிவந்த அந்த ஒரே சலுகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், புகார் எழுந்துகொண்டது. முடிவானது இதுதான். இந்தப் பருவம் முடியும்வரை பாடம் நடக்கும். ஆறு பேரும் மற்றவர்கள் மாதிரியே தேர்வு எழுத வேண்டும், நான்கு பேராவது தேறினால் அடுத்த வருஷமும் உண்டு, தேறாவிட்டால் இல்லை. நீங்கள் ஒரு தடவை நன்னடத்தைக் குழு முன்னால் போய் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாட்சி சொல்வேன். நம் உறவை இருவரும் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் ஆட்சிக்குழுவிலிருந்து விலக வேண்டும், கடிதம் கொடுத்துவிட்டேன். செவ்வாயும் வியாழனும் கடை பதினொரு மணிக்குத் திறக்கும், அது பேக்கிங் அக்கா போட்ட நிபந்தனை, சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. இவ்வளவையும் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். துணைவேந்தர் கையெழுத்துப் போட்டுவிட்டார், நானும் போட்டுவிட்டேன். நீங்கள் போட்டால்தான் இது செல்லும், போடாவிட்டால் எதுவும் இல்லை என்று கடைசி வரியாக நானே கேட்டுச் சேர்க்க வைத்தேன். திங்கட்கிழமை மாலை ஐந்து மணி வரை அவகாசம்.